நர்சம்மா வீட்டுக்காரர்

கல்வராயன் மலையில் எனக்குப் பெயர் கிடையாது. வெள்ளிமலைக்கு மேற்கே ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்தேன். என்னிடம் படித்த பிள்ளைகள் ‘சார்’ என்பார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு நான் ‘நர்சம்மா வீட்டுக்காரர்’. சந்தையில், பஸ்ஸில், இழவு வீட்டில், எங்கே போனாலும் அதுதான். ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்த பிறகும் மலையிலிருந்து கடுக்காயோ தேனோ கொண்டுவருகிறவர்கள் தெருமுனையில் அப்படித்தான் வீடு விசாரிக்கிறார்கள். ஒருவனை அவன் மனைவியின் பெயரால் ஊர் அடையாளம் காண்பது எங்கள் சமவெளிப் பக்கம் குறைவு. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பட்டங்களில் இதுதான் பெரிது என்று நினைக்கிறேன்.

1987-ல் எங்களுக்குக் கல்யாணம். அப்போது நான் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் வேலை பார்த்தேன். கல்யாணமான சில மாதங்களில் என் மனைவிக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வேலைக்கு ஆர்டர் வந்தது. போட்டிருந்த இடம் கல்வராயன் மலை. பஸ் வெள்ளிமலையோடு நின்றுவிடும், அதற்கு மேல் நடைதான். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால் மலையில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அந்த மூவாயிரம் பேரும் ஒரே ஊரில் இருப்பதில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் பத்து வீடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் பதினைந்து வீடு என்று சிதறிக் கிடப்பார்கள்.

வீட்டில் பேச்சு எழுந்தது. அம்மாவுக்கு இரண்டே வழிதான் தெரிந்தது. ஒன்று, மருமகள் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். அல்லது கீழே மாறுதல் கிடைக்கும்வரை லீவில் இருக்க வேண்டும். “புருஷன் இருக்கிற எடத்துக்குத்தாண்டா பொண்டாட்டி வரணும். ஊர் ஒலகத்துல எங்கயாவது மாத்திக் கேட்டிருக்கியா?” என்றார். அம்மா சொன்னதில் பொய் இல்லை. எங்கள் உறவில் யாருமே மாத்திக் கேட்டதில்லை.

அப்பா ஆற்காடு லுத்தரன் திருச்சபையில் உபதேசியாராக இருந்தவர். வாய் கொஞ்சம்தான். அன்றைக்கு ராத்திரி ஜெபத்துக்கு எல்லாரும் பாயில் உட்கார்ந்ததும் வேதாகமத்தை என்னிடம் நீட்டி, ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தைக் கடைசிவரை வாசிக்கச் சொன்னார். கல்யாண வீடுகளில் ஆயிரம் முறை கேட்ட பகுதி. அதில் தகப்பனையும் தாயையும் விட்டு வருகிறவன் யார் என்பதை அதுவரை நான் கவனித்ததில்லை. புருஷன்தான். மனைவி பிறந்த வீட்டை விட்டு வருவதைப் பற்றி அங்கே ஒரு சொல்கூடக் கிடையாது. விட்டுவிட்டு அவளோடு போய்ச் சேர வேண்டியவனாக வேதம் காட்டுவது ஆண்பிள்ளையை. வாசித்து முடித்ததும் அப்பா வழக்கம்போல ஜெபம் செய்தார், ஆமென் சொன்னார், போய்ப் படுத்துவிட்டார். அம்மா வெகுநேரம் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். காலையில் எழுந்து, மலையில் குளிரும் என்று தன்னுடைய கம்பளியை எடுத்து மருமகளின் பெட்டியில் வைத்தார்.

நலப் பள்ளியும் மலையிலிருக்கிற உண்டு உறைவிடப் பள்ளியும் ஒரே துறையின் கீழ்தான் வந்தன. மாறுதல் கேட்டு மனு கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு, “மலையிலேர்ந்து எறங்கத்தான் சார் மனு வரும். ஏறுறதுக்கு இப்பத்தான் பாக்குறேன்” என்றார். மாறுதல் உடனே கிடைத்தது. அந்த இடத்துக்குப் போட்டியே இல்லை.

அப்போது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-ல் விழுப்புரம் மாவட்டமானது, 2019 நவம்பரில் தனி மாவட்டமே ஆகிவிட்டது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலைப்பாதை ஏறும். ஏற ஏறக் காற்று மாறும், மனிதர்களும் மாறுவார்கள். மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை அந்த மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த கிழவர்கள் நான் போன காலத்தில் உயிரோடு இருந்தார்கள்.

மலையில் என் முக்கியமான வேலை பள்ளிக்கூட மணிக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். பிரசவ அழைப்பு பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். வாசலில் இரண்டு பேர் தீப்பந்தத்தோடு நிற்பார்கள். அவள் முகம் கழுவிப் புடவையைச் செருகுவதற்குள் நான் பையை எடுத்துவிடுவேன். கத்தரிக்கோல், புது பிளேடு, கொதிக்கவைத்த நூல், கையுறை, டெட்டால், பஞ்சு. எது எந்த அறையில் இருக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். ஐந்து கட்டை டார்ச் என் கையில். ஒத்தையடிப் பாதையில் அவள் முன்னால் நடப்பாள், நான் பின்னாலிருந்து அவள் காலுக்கு முன்னால் வெளிச்சம் அடித்துக்கொண்டே போவேன். நான் முன்னால் போனால் என் நிழல் அவள் பாதையில் விழும். இதை இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஒரு மழைக்காலத்தில் தானாகவே அப்படி அமைந்தது.

வீட்டுக்குள் நான் போகக்கூடாது. திண்ணையில் அந்த வீட்டு ஆண்களோடு உட்கார்ந்திருப்பேன். கேழ்வரகுக் கூழ் கொடுப்பார்கள், சாமைக் கஞ்சி கொடுப்பார்கள். உள்ளே வலியில் கத்துகிற சத்தம் கேட்கும்போது அந்த ஆண்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். சிலர் எழுந்து இருட்டுக்குள் போய்விடுவார்கள். சிலர் மண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். புருஷன் என்கிற உறவைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்டதைவிட அந்தத் திண்ணைகளில் நான் தெரிந்துகொண்டது அதிகம்.

ஒரு ஐப்பசி ராத்திரி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது, கள்ளக்குறிச்சிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அவள் வெளியே வந்து சொன்னாள். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல். அதற்கு முன்னால் தூளிதான். நீளமான மூங்கிலில் கம்பளியைக் கட்டி, அதில் கர்ப்பிணியைப் படுக்கவைத்து, இரண்டு பேர் தோளில் தூக்கி நடக்க வேண்டும். முன்னால் தூக்குகிறவர்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். பின்பக்கத்தை அந்தப் பெண்ணின் புருஷன் கடைசிவரை யாருக்கும் விடவில்லை. பாறையில் வழுக்கி முழங்கால் கிழிந்தபோதும் மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கவில்லை. தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வா என்று என் மனைவி அவனிடம் சொல்லியிருந்தாள். பேசினான். ஆட்டைப் பற்றிப் பேசினான், மக்காச்சோளத்தைப் பற்றி, மாமனார் வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசினான். விஷயம் தீர்ந்துபோனதும் தங்கள் காட்டிலிருக்கிற பலா மரங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். எது எந்த வருஷம் வைத்தது, எது காய்க்கிறது, எதில் குரங்கு ஏறுகிறது. இடையிடையே தூளிக்குள்ளிருந்து “அது இல்ல, அதுக்கு அந்தாண்ட இருக்கிற மரம்” என்று அவள் திருத்துவாள். அந்தக் குரல் வருகிறவரை எங்களுக்குப் பயமில்லை. விடிகிற நேரத்தில் ரோட்டுக்கு வந்தோம். ஒரு ஜீப் கிடைத்தது. கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்தப் பிள்ளைக்குப் பிற்பாடு நான்தான் ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தேன்.

தூளி தூக்கிய அந்தப் புருஷனுக்கு வேதம் தெரியாது. மலைச்சாமியைக் கும்பிடுகிறவன். அந்த மக்களிடம் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுக்க வேண்டும். தான் கொடுக்க வேண்டிய பரிசத்தில் இன்னும் பாக்கி இருப்பதாகவும், கடுக்காய் விற்ற பணத்தில் கொடுத்து வருவதாகவும் அவன் சொன்னான். கீழே எங்கள் சபைகளில் ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது எத்தனை சவரன், என்ன வண்டி என்று பேசுகிறோம். பேசி முடித்து ஐயரை ஜெபம் செய்யச் சொல்கிறோம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. அதைவிடப் பழைய சட்டம் நம் கையிலேயே இருக்கிறது, பிறன் பொருளை இச்சிக்கக் கூடாது என்று. என் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம் எதுவும் கேட்கக்கூடாது என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இன்று சபைக்குள் நடக்கிற பேரங்களைப் பார்க்கும்போது அந்த ஒரு வார்த்தையின் எடை தெரிகிறது.

அப்பாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கிராமத்தில் பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். ஆண்கள், பிள்ளைகள் சாப்பிட்டு மிச்சமிருந்தால் அவர்களுக்கு. அப்பா அம்மாவின் தட்டும் கீழே வந்தால்தான் கை வைப்பார். குழம்பு குறைவாக இருக்கும் நாளில்தான் இதில் ரொம்பக் கண்டிப்பு. “உபதேசியார் பொண்டாட்டிக்குப் பயந்தவர்” என்று ஊரில் பேசினார்கள். அப்பா அதைக் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை. மாதச் சம்பளக் கவரை ஒட்டு பிரிக்காமல் அம்மா கையில் கொடுப்பார். வெற்றிலை பாக்குக்கு வேண்டியதை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்வார். புருஷன் எப்படி நடக்க வேண்டும் என்று அவர் எனக்குப் போதித்தது கிடையாது. நான் பார்த்தது இந்த இரண்டைத்தான்.

எங்கள் கல்யாணத்தன்று பிரசங்கம் நீளம். சாராள், ரெபேக்காள், ரூத் என்று எல்லாரும் வந்தார்கள். நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்துக் குணசாலியான பெண் வந்தாள். மணப்பெண் எப்படி அடங்கி நடக்க வேண்டும் என்று விளக்கம் போனது. எனக்குக் கடைசியில் ஒரு வாக்கியம், அதுவும் சிரிப்பதற்காகச் சொன்னது. பந்தியில் அப்பாவின் நண்பரான ஓய்வு பெற்ற ஐயர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாயசத்தை ஆற்றிக்கொண்டே, “தம்பி, எபேசியர் அஞ்சாம் அதிகாரத்துல மனைவிமாருக்கு மூணு வசனம். புருஷர்களுக்கு ஒம்பது. வீட்டுக்குப் போய் எண்ணிப் பாரு” என்றார். எண்ணிப் பார்த்தேன். 22 முதல் 24 வரை மனைவிகளுக்கு. 25 முதல் 33 வரை புருஷர்களுக்கு. அதற்கு முந்தின 21-ஆம் வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. நாற்பது வருஷமாகக் கல்யாணப் பிரசங்கம் கேட்கிறேன். அந்த மூன்று வசனத்தைக் கேட்காத கல்யாணம் இல்லை. ஒன்பதையும் முழுதாகக் கேட்ட கல்யாணம் அரிது.

அந்த ஒன்பதில் பவுல் புருஷனுக்கு வைக்கிற அளவுகோல் சாதாரணமானதல்ல. கிறிஸ்து சபைக்காகத் தன் உயிரைக் கொடுத்தாரே, அந்த அளவு. புருஷனைத் தலை என்கிறார், உண்மைதான். அந்தத் தலை முள்முடி சூடிய தலை. அதிகாரம் செலுத்துவதற்கு அந்த அதிகாரத்தில் ஓர் எழுத்து அளவுகூட இடம் கிடையாது. மனைவிக்கு மரியாதை கொடுக்காதவனுடைய ஜெபத்துக்குத் தடை வரும் என்று பேதுரு எழுதுகிறார், முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம் ஏழாம் வசனம். மழைக்கு ஜெபிக்கிறோம், வேலைக்கு ஜெபிக்கிறோம், பதில் வரவில்லை என்று உபவாசம் இருக்கிறோம். இந்த வசனத்தை எத்தனை ஆண்கள் நினைத்துப் பார்க்கிறோம்?

நான் தமிழாசிரியன். தேம்பாவணியைப் பல முறை பாடம் நடத்தியிருக்கிறேன். வீரமாமுனிவர் 1726-ல் பாடி முடித்த காப்பியம், 36 படலங்கள், 3615 பாடல்கள். ஆரம்பத்தில் செய்யுள், அணி என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். மலையில் ஒரு மழைக்கால இரவில் மனைவியின் வருகைக்காகக் காத்திருந்தபோதுதான் மனதில் பட்டது. தமிழில் ஒரு பெருங்காப்பியத்துக்குத் தலைவனாக வைக்கப்பட்டவன் போர் செய்த அரசன் அல்ல. மரவேலை செய்த ஒரு புருஷன். யோசேப்பு, முனிவர் வைத்த பெயரில் வளன்.

சுவிசேஷங்களைப் புரட்டிப் பாருங்கள். யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட அங்கே எழுதப்படவில்லை. செய்தவை மட்டும் இருக்கின்றன. தனக்கு நியமிக்கப்பட்டவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று அறிந்தபோது, விஷயத்தின் உள்ளே இருக்கிற அதிசயம் தெரிவதற்கு முன்பே, அவளை ஊர் நடுவில் அவமானப்படுத்தக்கூடாது என்று முடிவெடுக்கிறார். அவரை நீதிமான் என்று மத்தேயு சொல்வது அந்த இடத்தில்தான். பிறகு தூதன் சொன்னதும் அவளைச் சேர்த்துக்கொள்கிறார். ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்படுகிறார். தச்சுப் பட்டறை, சொந்த ஊர், உறவு, எல்லாவற்றையும் விட்டு. ஊர்ப்பேச்சுக்குப் பயப்படாத ஆண் என்றால் எனக்கு அவர்தான். வீரமாமுனிவரான பெஸ்கி என்கிற அந்த இத்தாலியக் குருவின் பெயரிலேயே ஜோசப் உண்டு. அவர் கட்டிய கோணான்குப்பம் பெரியநாயகி மாதா ஆலயம் விருத்தாசலத்துக்குப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். நாங்கள் லுத்தரன் சபைக்காரர்கள் என்றாலும் ஒரு கோடை விடுமுறையில் இருவரும் போயிருந்தோம். புடவை கட்டிய மாதாவை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் வளனைத் தேடினேன்.

2006, தமிழ்நாடு முழுக்கச் சிக்குன்குனியா பரவிய வருஷம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளில் மருந்து ஊற்றியவள் என் மனைவி. அவளுக்கே வந்தது. காய்ச்சல் சில நாளில் இறங்கிவிட்டது, மூட்டு வலி மாதக்கணக்கில் இறங்கவில்லை. விரல் மடங்காது. மணிக்கட்டு வீங்கி வளையல் ஏறாது. தம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பாள். சமையல், துணி, வீடு கூட்டுவது எல்லாம் எனக்கு ஏற்கெனவே பழக்கம்தான், அதில் சிரமம் தெரியவில்லை. தலைமுடிதான் பிரச்சினை. நல்ல அடர்த்தி, இடுப்புவரை வரும். கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல், முடியை வெட்டிவிடலாமா என்று ஒருநாள் கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் விடுதி வராந்தாவில் தினமும் காலையில் மாணவிகள் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து தலை பின்னிக்கொள்வார்கள். மணி அடிக்கும் முன் அந்த வரிசையைத் தாண்டித்தான் நான் போவேன். அடுத்த நாள் நின்று பார்த்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கேட்டு, தங்கையின் தலையில் மெதுவாகப் பின்னிக் காட்டச் சொன்னேன். முதலில் நுனியில் சிக்கெடுக்க வேண்டும், வேரிலிருந்து சீப்பை இழுக்கக்கூடாது. எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துவிட்டுத்தான் தலையில் வைக்க வேண்டும். மூன்று கால்களையும் ஒரே பருமனாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஓரக்காலை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிடி தளர்ந்தால் அவிழ்ந்துவிடும், இறுக்கினால் வலிக்கும். அவளுடைய தலையில் அந்த நடுப்பிடி கைவர எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கழுத்துக்குப் பின்னால் ஒரு பழைய தழும்பு இருந்ததை அப்போதுதான் பார்த்தேன், சின்ன வயசில் வேலமுள் கிழித்ததாம். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டது. வலி தீர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துக்குக் கிளம்பும் முன் சீப்பை என் கையில் கொடுப்பாள். இன்றும் கொடுக்கிறாள்.

அன்பைப் பேசுவது மட்டும் போதாது என்பதையும் எழுதியாக வேண்டும். தொண்ணூறுகளில் ஒரு சபையின் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வந்தாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. புருஷன் அடிக்கிறான், இது முதல் தடவை அல்ல. பொறுத்துப் போ, ஜெபம் பண்ணு, அவன் மனந்திரும்புவான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவனைக் கூப்பிட்டு விசாரிப்பது பற்றி யாரும் பேசவில்லை. வெளியே எனக்காகக் காத்திருந்த என் மனைவி உள்ளே வந்துவிட்டாள். கன்றிய இடத்தைத் தொட்டுப் பார்த்து, தாடை எலும்பில் அடி பட்டிருக்கிறதா என்று வாயைத் திறக்கச் சொன்னாள். பிறகு கமிட்டியைப் பார்த்து, “இது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கேஸுங்க. அதுக்கப்புறம் போலீஸுக்கு. அதுக்கப்புறம் ஜெபம் பண்ணலாம்” என்றாள். நான் எழுந்து அவர்கள் இருவரோடும் நடந்தேன்.

சட்டம் அன்று அந்தப் பெண்ணுக்குத் துணையாக இல்லை. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்தில் புருஷன் மனைவியின் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவி விபசாரத்தோடு கொடுமையையோ, கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடி உதையை மட்டும் காட்டினால் பிரிந்து வாழ அனுமதி கிடைக்கலாம், விவாகரத்து கிடைக்காது. 2001-ல்தான் அதைத் திருத்தி இருவருக்கும் சமமாக்கினார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் வருஷத்துச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கக்கூடாது என்பதை நானும் முழு மனதோடு நம்புகிறேன். அந்தப் பிணைப்பைப் பிரிக்கிறவன் கை ஓங்குகிறவன். அடிபட்டு ஓடிவருகிறவளை அதற்குப் பொறுப்பாக்குவது அநியாயம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆஸ்பத்திரிகள் நிரம்பின. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல். தாயும் தகப்பனும் இருவருமே போய்ப் பிள்ளைகள் அனாதையான வீடும் உண்டு. அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது. கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று பேப்பர்களில் எழுதினார்கள். அந்த மலையில் நாங்கள் வாழ்ந்த வருஷங்களை நினைத்து எனக்கு மனது கொதித்தது. சாராயம் காய்ச்சியவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, மலை மக்களுக்கு ரோடும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஏன் எட்டவில்லை என்று கேட்டதும் அதன் பிறகுதான்.

என் மனைவி ஓய்வு பெற்றவள். ஆனாலும் அந்த நாட்களில் வீட்டில் இருக்க முடியவில்லை. கருணாபுரத்துக்கு இருவரும் போனோம். அவள் பெண்களின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். யாருக்கு மயக்கம், யாருக்குச் சர்க்கரை, யார் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பெண், புருஷன் குடிக்காத நாளில் தன்னிடம் எவ்வளவு பிரியமாக இருப்பான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மல்லிகைப்பூ வாங்கி வருவானாம். அவள் சொன்னதை நான் நம்புகிறேன். பிரியம் அவனுக்கும் இருந்திருக்கும். கூலிப்பணம் வீடு வந்து சேரவில்லை, அவனும் சேரவில்லை.

ஐயர்மார்களுக்கும் பங்குக் குருக்களுக்கும் ஒரு விண்ணப்பம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறீர்கள், ஆட்சேபம் உண்டா என்று சபையைக் கேட்கிறீர்கள். முதல் ஓலைக்கு முன்னால் மாப்பிள்ளையைத் தனியாக அழைத்து உட்காரவைத்துக் கேளுங்கள். பெண் வீட்டில் என்ன வாங்கியிருக்கிறாய்? குடிக்கிறாயா? சம்பளத்தை வீட்டில் கொடுப்பாயா? அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தால் நீ கிளம்பிப் போவாயா? பதிலை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டுக்குப் போகும்போது அதே கேள்விகளை அவளிடம், அவன் இல்லாத நேரத்தில், கேளுங்கள்.